திருவிதாங்கூரில் கிறித்தவப் பெயர்களும் பேய்ச் சொற்களும்

திருவனந்தபுரத்திலும் அதன் தெற்கே கன்னியாகுமரி வரையிலும் வழங்கும் கிறித்தவ ஆட்பெயர்கள், சாத்தானைச் சுட்டும் சொற்கள் ஆகியவற்றில் சிரியாக், போர்த்துக்கீசியம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மரபுகள் கலந்துள்ளன. சிரியாக் மரபே மூத்தது. சீமோன் பேதுரு ஒருவரே மலையாள வீடுகளில் பத்ரோஸ். தமிழ்க் கத்தோலிக்கரிடம் இராயப்பர். சீர்திருத்தச் சபையாருக்குப் பேதுரு. பள்ளிப் பதிவேட்டில் பெரும்பாலும் பீட்டர்.

சமயச் சொற்களை மொழிபெயர்க்கும் சிக்கல் சேசு சபையின் பிரான்சிஸ் சவேரியார் காலத்திலேயே தலைகாட்டியது. 1544-இன் இறுதியில் இக்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட முக்குவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதிய அவர், செபங்களைத் தமிழில் மனப்பாடமாக ஒப்புவித்தவர். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவாசம்' வர வேண்டிய இடத்தில் 'வேணும்' என்று சொல்லிவந்தது பின்னரே தெரியவர, திருத்தும்படி துணைவர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். 1549-இல் ஜப்பான் சென்றபோது விளைவு இன்னும் கடுமை. மொழிபெயர்ப்பாளர் அஞ்சிரோவின் சொற்படி கடவுளை 'தைனிச்சி' என்றார்; அது வைரோசன புத்தரின் பெயர். 1551-இல் அதைக் கைவிட்டு லத்தீன் 'தேயுஸ்' என்றே வைத்துக்கொள்ள, எதிராளிகள் அதைத் 'தாய்-உசோ', அதாவது பெரும்பொய், என்று திரித்தனர். சாத்தானுக்கு மட்டும் அத்தனை தயக்கமில்லை: மலைக்காட்டில் உறைவதாக ஜப்பானியர் நம்பிய 'தெங்கு'வையே சேசு சபையார் நூல்களில் எழுதினர்.

திருவிதாங்கூரிலும் நடந்தது இதுதான். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலில் அண்டிறிக் பாதிரியார் கடவுளுக்குத் தம்பிரான் என்ற சொல்லைத் தேர்ந்தார். பின்வந்தோர் சர்வேசுரன், பராபரன், தேவன் எனத் தலைமுறைதோறும் மாற்றி மாற்றி வாதிட்டனர். சாத்தானுக்கோ ஊர்ச்சொற்களே போதுமாயின: கத்தோலிக்கரிடம் பசாசு, மற்றவரிடம் பிசாசு. எபிரேய வழிவந்த சாத்தான் என்ற சொல்லும் இங்கே தனித்து ஒலிக்கவில்லை. சாத்தன் ஐயனாரின் பழம்பெயர். கேரளத்தில் குட்டிச்சாத்தன் மந்திரவாதிகளின் ஏவல் தெய்வம்.

சாத்தானின் பெயரில் காட்டிய இந்த அக்கறையின்மைக்கு விலை கொடுத்தவர்கள் மதம் மாறாத அண்டை வீட்டார். அவர்கள் வணங்கிய சுடலைமாடன், இசக்கி ஆகிய நாட்டார் தெய்வங்களின் கோயில்கள் மிஷன் எழுத்துகளில் பேய்க்கோயில்களாயின. திருவனந்தபுரத்தில் பணியாற்றிய லண்டன் மிஷன் ஊழியர் சாமுவேல் மட்டீர் 1871-இல் வெளியிட்ட 'தி லேண்ட் ஆஃப் சாரிட்டி' என்ற நூலும் இவ்வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே விவரிக்கிறது. நேற்றுவரை பொங்கலிட்டுக் கும்பிட்ட குலதெய்வம், மதம் மாறிய குடும்பத்துக்கு மறுநாளே வேதாகமத்துப் பிசாசாகிவிட்டது.

ஆட்பெயர்களில் நிலைமை வேறு. அங்கே மொழிபெயர்ப்பு அழகாகவே அமைந்தது. திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது, லாசர் என்ற பெயரைப் பொருள் பெயர்த்துத் தேவசகாயம் என்று சூட்டினர். 1752-இல் ஆரல்வாய்மொழியருகே சுட்டுக் கொல்லப்பட்ட அவர் 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். மயிலாடியின் முதல் சீர்திருத்தக் கிறித்தவர் வேதமாணிக்கத்தின் பெயரும் தமிழே. கடற்கரையில் போர்த்துக்கீசியம் விடவில்லை: திருவனந்தபுரம் வெட்டுகாட்டுக் கோயில் இன்றும் 'மாத்ரே தெ தேயுஸ்'தான்.

1995-இல் வந்த தமிழ்த் திருவிவிலியம் பசாசை விலக்கி அலகை என்றது. 850-ஆம் குறளில் வரும் இச்சொல் பலிபீட வாசகத்தில் நிலைத்துவிட்டது; பேயோட்டும் செபக்கூட்டங்களில் ஓடுவது என்னவோ பிசாசுதான்.