பகுதியை மறந்த விகிதம்: டெல்டா முதியோரின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அறுவையும் ஓர் அழற்சிக் குறியீடும்

தசைக்குள் புற்று இறங்கிவிட்ட எழுபது வயதுக்காரருக்குச் சிறுநீர்ப்பையை முழுதாக அகற்றலாமா என்ற முடிவில் நியூட்ரோபில்–லிம்ஃபோசைட் விகிதத்தின் குரல் ஓங்கிவருகிறது. விகிதம் உயர்ந்தால் ஆயுள் குறையும், ஆதலால் பெரிய அறுவையைத் தவிர்ப்பதே நலம் என்கிறது ஓர் ஆய்வுமரபு. முதற்பாதியோடு எனக்குப் பூசல் இல்லை. பின்னோக்கிய ஆய்வுகளின் தொகுப்புகள் அந்தத் தொடர்பைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அங்கிருந்து இரண்டாம் பாதிக்குத் தாவுவதுதான் பொருந்தவில்லை. காவிரி டெல்டாவில் சற்றும் பொருந்தவில்லை.

சர்ச்சைக்குரிய சான்று எஸ்.டபிள்யூ.ஓ.ஜி. 8710 சோதனை. அறுவைக்கு முன் கீமோதெரபி கொடுப்பது பயன் தருமா என்றறிய, 1987 முதல் 1998 வரை 317 பேரைச் சேர்த்த அமெரிக்கச் சோதனை அது. அப்போது பதிவான இரத்த அணு எண்ணிக்கைகளைக் கொண்டு 2017இல் வெளியான மறுபகுப்பாய்வு, இந்த விகிதம் ஆயுளை முன்னறிவிக்கவில்லை என்று கண்டது. கீமோ யாருக்குப் பலிக்கும் என்பதையும் அது பிரித்துக் காட்டவில்லை. மரபினரின் பதில் எதிர்பார்க்கத்தக்கது: சோதனைக்குள் வந்தவர்கள் கீமோவைத் தாங்கும் உடம்புக்காரர்கள், சிறுநீரகம் கெடாதவர்கள், அத்தகையோரிடம் குறியீட்டுக்கு வேலையே இல்லை. இதை நான் ஏற்கிறேன். ஆனால் இந்தப் பதில் யார் பக்கம் சாய்கிறது? நலிவும் அடைப்பும் தொற்றும் வடிகட்டப்பட்ட கூட்டத்தில் குறியீடு ஓய்ந்துவிடுகிறது என்றால், வடிகட்டாத கூட்டத்தில் அது அளந்தது புற்றின் மூர்க்கத்தைவிட அந்த நலிவையும் அடைப்பையும் தொற்றையும்தான் என்று வாசிப்பதே நேர். ஒரே சோதனை, சிறிய கூட்டம், எதிர்மறை முடிவு: இவற்றின் மேல் கோட்டை எழுப்ப முடியாதுதான். திசை காட்டப் போதும்.

வடிகட்டாத கூட்டம் எப்படியிருக்கும் என்பதற்கு டெல்டாவே சாட்சி. இரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீர் நின்றுபோய், வட்ட மருத்துவமனையில் டியூப் போட்டு, ஊசி மருந்தோடு தஞ்சாவூருக்கு அனுப்பப்படும் முதியவரிடம் அன்றே எடுக்கும் இரத்தத்தில் நியூட்ரோபில் உயராமல் என்ன செய்யும்? நடவுக்காலச் சேற்றுப்புண் வழியே காலில் பாக்டீரியா ஏறினாலும் அது உயரும். கும்பகோணத்தைச் சுற்றி நெடுங்காலம் நிலைத்திருந்த யானைக்கால் நோயின் பரவல் அடங்கிவிட்டது; பழைய நோயாளிகளின் கால்வீக்கமும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் அடங்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் தொகுதி. பகுதியை யாரும் பார்ப்பதில்லை. முதுமையில் லிம்ஃபோசைட் தானாகவே குறைகிறது. அரைவயிற்று உணவும் அதைக் குறைக்கும். யானைக்கால் புழுவின் விளைவாகச் சிறுநீர் பால்போல் இறங்கும் கைலூரியாவில் நிணநீரோடு லிம்ஃபோசைட்டும் புரதமும் வெளியேறிவிடுகின்றன. அரிய நிலை என்பார்கள். ஆனால் அவர்களும் வந்து நிற்பது சிறுநீரகவியல் பிரிவில்தானே! 8,000க்கு 2,000 என்றாலும் விகிதம் 4. 4,000க்கு 1,000 என்றாலும் 4. முன்னவருக்குத் தொற்று இருக்கலாம், பின்னவர் மெலிந்தவராக இருக்கலாம். இருவருக்கும் ஒரே தீர்ப்பு எழுதும் எண் அறுவையறைக்கு உதவாது. வெட்டுப்புள்ளியே ஆய்வுக்கு ஆய்வு 2இலிருந்து 5 வரை அலைகிறது. கையிலுள்ள தரவில் தேடிப் பிடித்து, அதே தரவில் சோதித்த புள்ளிகளே பல.

விகிதம் மலிவானது என்ற வாதத்துக்கு நீண்ட மறுப்பு வேண்டாம். ஆல்புமினும் மலிவுதான், நான்கு மீட்டர் நடக்கச் சொல்லிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

விளைவு என்ற ஒரே தலைப்பில் 90 நாள் சிக்கல்களையும் ஐந்தாண்டு ஆயுளையும் சேர்த்துக் கட்டுவதும் குழப்பத்தை வளர்க்கிறது. இந்த அறுவைக்குப் பின் முதல் 90 நாளில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதோவொரு சிக்கலைச் சந்திப்பதாகக் கவனமாகப் பதிவுசெய்த மையங்களே சொல்கின்றன. என் வாசிப்பு சரியானால், உயர்ந்த விகிதம் அந்த 90 நாளைப் பற்றியே அதிகம் பேசும். அப்படியானால் அது அறுவையை மறுக்கும் காரணமாகாது. அறுவைக்கு முன் சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியலாகும்.

அடைப்பை வடித்து, தொற்றைத் தீர்த்து, உணவைத் தேற்றியபின் மீண்டும் இரத்தம் எடுத்து, இரு அணுக்களின் எண்ணிக்கையையும் தனித்தனியே பதிய வேண்டும். டியூப் போட்ட நாளும் பதிவில் இருக்க வேண்டும். காலம் கடத்துகிறோம் என்ற அச்சம் நியாயமானது. நோய் உறுதியான பின் 12 வாரத்துக்கு மேல் அறுவை தள்ளிப்போனால் விளைவு மோசமாகிறது. இரண்டாம் இரத்தப் பரிசோதனைக்கு அந்த 12 வாரத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது.