5.5-க்குக் கீழே இறங்காத சிறுநீர்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு சிறுவனின் சிறுநீரை மூன்று முறை சோதித்தேன். இரத்தத்தில் அமிலம் ஏறிக் கிடக்கிறது. சிறுநீரின் பிஎச் மட்டும் 5.5-க்குக் கீழே இறங்கவே இல்லை. சோதனைத் தாளில்தான் கோளாறு என்று புதுக் கட்டைப் பிரித்தேன். பையனுக்குக் காதும் கேட்காது. இரண்டையும் நாங்கள் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இரண்டையும் இணைக்கும் காரணத்தைக் கண்டது 1999-இல், ஃபியோனா கேரட், ரிச்சர்ட் லிஃப்டன் குழு. இரண்டாம் குரோமோசோமில் ஒரு மரபணு. இன்றைய பெயர் ஏடிபி6வி1பி1. சிறுநீரகக் குழாய்ச் செல்களில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்துப் புரோட்டானை, அதாவது அமிலத்தை, வெளியே தள்ளும் பம்பின் ஒரு துண்டுக்கான குறிப்பு அதில் இருக்கிறது. அதே துண்டு உட்செவியிலும் வேலை செய்கிறது. மரபணு பழுதானால் இரண்டு இடத்திலும் அடி.

இந்தப் பம்ப் ஏடிபியைச் செலவழிக்கிறது; இதற்கு நேர்மாறாக, புரோட்டான் ஏற்றத்தாழ்விலிருந்தே ஏடிபி பிறக்கிறது என்று உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. பின்னாளில் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் புதுப்பித்து அங்கேயே ஆய்வகம் வைத்தார். 1978-இல் நோபல் வந்தது. வயிற்றுப்புண்காரர் அவர். அமிலத்தின் அருமை தெரியாமலா இருக்கும்!

அந்தச் சிறுவனின் நோய்க்கு மருந்து என்னவோ பழையதுதான்: தினமும் பைகார்பனேட் அல்லது சிட்ரேட். எலும்பு தேறும், பிள்ளை வளரும். காது மட்டும் திரும்புவதில்லை.