கிளைக் கூட்டத்தில் உருவான தலைவர்கள்

கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சுரங்கங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் தையற்கூடங்களுக்கும் வந்து சேர்ந்த தொழிலாளர்களுக்கு நோய்க்காலப் படியையும் அடக்கச் செலவையும் பெரும்பாலும் அரசும் தரவில்லை, முதலாளியும் தரவில்லை. ஒரே மொழி பேசியவர்கள் மாதச் சந்தா திரட்டி நடத்திய சகோதரச் சங்கங்களே அவற்றை வழங்கின. வரலாற்று நூல்கள் பலவும் இச்சங்கங்களை எளியோரின் காப்பீட்டு அமைப்புகளாகவே காண்கின்றன. பள்ளியை அதிகம் எட்டிப்பாராத மனிதர்களைச் செயலாளர்களாகவும் பேச்சாளர்களாகவும் மாநாட்டுப் பிரதிநிதிகளாகவும் ஆக்கிய பயிற்சிக்களங்களாகவும் அவை இருந்தன என்பது அந்தப் பார்வையில் விடுபட்டுப்போகிறது.

இந்தப் பயிற்சிக்குச் சட்டமே ஒரு வகையில் அடித்தளமிட்டது. சகோதரச் சங்கத்தை வணிகக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பிரித்தறிய அமெரிக்க மாநிலச் சட்டங்கள் வகுத்த இலக்கணத்தின்படி, அது லாபநோக்கம் இல்லாததாகவும், முறையாகக் கூடும் கிளைகளைக் கொண்டதாகவும், உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளால் ஆளப்படுவதாகவும் இருக்க வேண்டும். ஆகவே காப்பீட்டைத் தொடர்ந்து நடத்த வேண்டுமானால் கூட்டமும் தேர்தலும் தீர்மானமும் தவிர்க்க முடியாதவையாயின.

பல இனத்தாரை ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்த சங்கங்களுள் பெரியது 1930இல் நியூயார்க்கில் தொடங்கிய இன்டர்நேஷனல் ஒர்க்கர்ஸ் ஆர்டர். யூதத் தொழிலாளர்களின் ‘ஒர்க்மென்ஸ் சர்க்கிள்’ என்ற சங்கத்தில் சோஷலிஸ்டுகளுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் நெடுநாள் நடந்த பூசலின் முடிவில், பிரிந்து சென்ற இடதுசாரி அணி இதை நிறுவியது. அடுத்த சில ஆண்டுகளில் ஹங்கேரிய, ஸ்லோவாக், ரஷ்ய, உக்ரேனியத் தொழிலாளர் சங்கங்களும், பின்னர் இத்தாலியர், போலந்துக்காரர், ஸ்பானிய மொழியினர், கறுப்பினத்தவர் ஆகியோரின் கிளைகளும் சேர்ந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் உறுப்பினர் எண்ணிக்கை இரண்டு லட்சத்தை நெருங்கியது. ப்ருடென்ஷியல் நிறுவனம் 1881இலேயே கறுப்பினத்தவருக்கான காப்பீட்டுத் தொகையை மூன்றில் ஒரு பங்கு குறைத்திருந்த நாட்டில், நிறத்தையும் தொழிலின் ஆபத்தையும் பாராமல் ஒரே கட்டணம் வசூலித்தது இச்சங்கத்தின் தனித்தன்மை.

கிளைப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடந்தன, கையேடுகளும் அச்சாயின. ஆனால் வகுப்பறையை விடக் கிளையின் அன்றாட வேலையே கூடுதலாகக் கற்பித்தது எனலாம். நிதிச் செயலாளர் என்ற பதவியையே எடுத்துக்கொள்ளலாம். பகலில் சுரங்கத்திலோ ஆலையிலோ உழைத்துத் திரும்பியவர் மாலையில் உறுப்பினர்களிடம் சந்தா தண்டி, பற்றுவரவு எழுதி, நியூயார்க் ஐந்தாம் அவென்யூவிலிருந்த தலைமையகத்துக்கு அதை உரிய நாளில் அனுப்ப வேண்டும். தாமதமானால் ஒரு குடும்பத்தின் காப்பீடே காலாவதியாகக்கூடும் என்பதால், அவருடைய நேர்மையும் கணக்கறிவும் ஊராரின் கண்முன் மாதந்தோறும் சோதிக்கப்பட்டன. நோயாளியை நேரில் கண்டு, படி கேட்பவர் உண்மையிலேயே நோயுற்றவர்தானா என்று மனம் நோகாமல் விசாரித்தறியும் குழு வேலையோ இதைவிட நுட்பமானது. தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர், பேச விரும்புவோரை முறைப்படி அழைக்கவும், தமக்குப் பிடிக்காத திருத்தத்தையும் வாக்கெடுப்புக்கு விடவும் பழக வேண்டியிருந்தது. நகர அளவிலும் தேசிய அளவிலும் பல மொழிக்கிளைகள் சேர்ந்து இயங்கியபோது, தம் மொழியில் நன்றாகப் பேசத் தெரிந்தவர் உடைந்த ஆங்கிலத்திலாவது பிறரிடம் தம் வாதத்தைக் கொண்டுசேர்க்க வேண்டிய கட்டாயம் நேர்ந்தது.

இத்திறன்களின் பயன் 1936இல் எஃகு ஆலைகளில் தொழிற்சங்கம் அமைக்கும் இயக்கம் தொடங்கியபோது வெளிப்பட்டது. ஆலை முதலாளிகளின் கண்காணிப்பில் இருந்த ஊர்களில், தொழிற்சங்கக் கூட்டத்துக்கு இடம் கிடைப்பதே அரிதாயிருந்தபோது, சகோதரச் சங்கத்தின் கூடமும் அதன் உறுப்பினர் பட்டியலும் ஆயத்தமாக இருந்தன, நம்பிக்கைக்குரிய பேச்சாளர்களும் இருந்தனர். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த போலெஸ்லாவ் கெபர்ட், அவ்வாண்டு அக்டோபரில் பிட்ஸ்பர்கில் பல இனச் சங்கங்களின் மாநாட்டைக் கூட்டுவதில் முன்னின்றார். பிற்காலத்தில் போலந்துக்குத் திரும்பி அந்நாட்டின் தூதராகவும் பணியாற்றினார்.

ஹெசூஸ் கொலோனின் வாழ்க்கை வேறொரு வழியைக் காட்டுகிறது. போர்ட்டோ ரீக்கோவின் கையே ஊரில் 1901இல் பிறந்த இக்கறுப்பினத்தவர், சுருட்டுத் தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து சம்பளம் கொடுத்து அமர்த்திய வாசிப்பாளரின் குரலைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர். நியூயார்க்கில் கூலி வேலைகள் பல செய்தபின், இன்டர்நேஷனல் ஒர்க்கர்ஸ் ஆர்டரின் ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழிக்கிளைகளை உள்ளடக்கிய செர்வான்டிஸ் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். ஆசிரியப் பணியிலிருந்து வந்த லூயிஸ் தாம்ப்சன் என்ற கறுப்பினப் பெண்மணியும் இதே அமைப்பில் அமைப்பாளராகச் சேர்ந்து தேசியப் பொறுப்புக்கு உயர்ந்தார். பிற சங்கங்கள் பலவற்றில் இவ்விருவரும் உறுப்பினராகச் சேர்ந்திருப்பதே ஐயம்.

எனினும் இந்த ஏணி ஓரளவுக்கு மேல் நீளவில்லை. தலைமையகத்தின் முக்கியப் பதவிகளில் பெரும்பாலும் கம்யூனிஸ்ட் கட்சியினரே இருந்தனர். கிளையில் சூடான விவாதம் நடந்த அமைப்பில், வெளிநாட்டுக் கொள்கை குறித்த தீர்மானங்கள் மட்டும் மாஸ்கோவின் திருப்பங்களைப் பிசகாமல் பின்பற்றின. கிளைகளின் ஜனநாயகம் வெறும் நாடகமென்று இதைக் கொண்டு முடிவுகட்டுவது மிகையே. ஆனால் கேள்வி கேட்கப் பழக்கிய அமைப்பே எந்தக் கேள்விகளைக் கேட்கலாகாது என்பதையும் சேர்த்துப் பழக்கியது என்பதை மறுக்க இயலாது.

அமெரிக்க அட்டர்னி ஜெனரல் 1947இல் வெளியிட்ட நாசவேலை அமைப்புகளின் பட்டியலில் இச்சங்கத்தின் பெயரும் இடம்பெற்றது. நியூயார்க் மாநிலக் காப்பீட்டுத் துறை, சங்கத்தின் நிதிநிலையில் குறை காணாதபோதும், ‘அபாயம்’ என்ற சட்டச் சொல்லுக்கு அரசியல் அபாயம் என்றும் பொருள் விரித்து அதைக் கலைக்க வழக்குத் தொடுத்தது. 1951இல் நீதிமன்றம் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் 1953இல் மேல்முறையீட்டை விசாரிக்க மறுக்க, அடுத்த ஆண்டு சங்கம் முற்றிலும் கலைந்தது. காப்பீட்டுப் பத்திரங்கள் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. அதில் கிளைகளும் இல்லை, தேர்தலும் இல்லை. கொலோன் 1959இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின்முன் அழைக்கப்பட்டார். இரண்டாண்டு கழித்து, நியூயார்க்கில் வாழ்ந்த போர்ட்டோ ரீக்கர்களைப் பற்றிய தம் சொற்சித்திரங்களை நூலாக வெளியிட்டார்.