பெயர் அறிந்தபின் வந்த ஆறுதல்

சில ஆண்டுகளுக்கு முன் கருமத்தம்பட்டி வட்டாரத்தில் நாம் பணியாற்றியபோது, விசைத்தறித் தொழிலாளர் ஒருவர் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருவார். திருவிருந்து நேரத்தில் மட்டும் கடைசி வரிசையைவிட்டு எழமாட்டார். முன்னர் நாள்தோறும் நற்கருணை உட்கொண்டவர் அவர். குடும்பத்தில் பிணக்கோ, மனத்தில் மறைத்த பாவமோ என்று எண்ணிய நாம், ஒருநாள் அவரை அழைத்து ஒப்புரவு அருள்சாதனத்தைப் பற்றி நயமாக எடுத்துரைத்தோம். அவர் பேசாமல் வாயைத் திறந்து காட்டினார். உதட்டின் உட்புறமும் கன்னங்களும் தோலுரிந்து சிவந்திருந்தன. “வாயெல்லாம் வெந்து கெடக்குதுங்க சாமி. நன்மை வாங்குனா முழுங்க முடியறதில்லீங்க” என்றார். அன்று வெட்கித் தலைகுனிந்தவர் நாமே.

சில வாரங்களில் அவரது மார்பிலும் முதுகிலும் கொப்புளங்கள் தோன்றின. முதலில் அக்கி என்றார்கள். பிறகு அம்மை என்று வேப்பிலையில் படுக்க வைத்தார்கள். பின்னர் தொழுநோய் என்ற சொல் ஊருக்குள் மெல்ல உலவியது. தறிக்கூடத்தில் அவருக்கெனத் தனிக் குவளை வைக்கப்பட்டது. கோவையில் தோல் நோய் மருத்துவர் ஒருவர், கொப்புளத்தின் ஓரத்திலிருந்து சிறு தோல் துண்டை எடுத்துச் சோதித்து, “பெம்பிகஸ் வல்காரிஸ்” என்று பெயர் சொன்னார். “இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது” என்பதையும் உடன் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியமே அக்குடும்பத்திற்கு முதல் மருந்தாயிற்று.

லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்தில், தோலைப் பார்த்து முடிவு கூறும் பொறுப்பு குருவிடம் தரப்பட்டுள்ளது. ஐயம் இருந்தால் ஏழு நாள் பொறுத்திருந்து அவர் மீண்டும் பார்க்க வேண்டும். அச்சட்டத்தின் கடுமையை நாம் அறிவோம். அதிலுள்ள பொறுமையைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். அவசரமாகத் தீர்ப்பிடாமல், உற்றுப் பார்த்து வேறுபடுத்தி அறிவதே அங்கே கட்டளை. இக்கொப்புள நோயின் வரலாறும் அவ்வாறு வேறுபடுத்தி அறிந்த வரலாறுதான்.

கொப்புளத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே ‘பெம்பிகஸ்’ என்ற பெயர் வந்தது. நெடுங்காலம் கொப்புளம் எழும் பல நோய்களும் அப்பெயருக்குள் அடங்கிக் கிடந்தன. 1791இல் ஜெர்மானிய மருத்துவர் விக்மன், நாள்பட நீடிக்கும் நோயைத் தனியே பிரித்து அதற்கு இப்பெயரை வழங்கினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிக்கோல்ஸ்கி என்ற உருசிய மருத்துவர், நோயாளியின் தோலை விரலால் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பு வழுகிப் பிரிவதைக் கண்டு எழுதினார். இன்றும் மருத்துவர்கள் அவர் பெயராலேயே அவ்வடையாளத்தைக் குறிக்கின்றனர். 1943இல் பிரான்சு நாட்டின் சிவாட், இந்நோயில் மேல்தோலின் செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகுவதை நுண்ணோக்கியில் காட்டினார். 1953இல் வால்டர் லீவர், தோலின் இன்னும் ஆழமான இடத்தில் கொப்புளம் எழும் ‘பெம்பிகாய்டு’ என்ற நோயை இதனின்று பிரித்தறிந்தார். முதியோரிடம் மிகுதியாகக் காணப்படுவது அது.

செல்கள் ஏன் விலகுகின்றன? 1964இல் அமெரிக்காவில் பியூட்னர், ஜோர்டன் இருவரும் விடை கண்டனர். கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் சொந்தத் தோலையே பகையாகக் கருதித் தாக்குகின்றன. பாவும் ஊடும் பின்னிக் கிடப்பதால் துணி துணியாக நிற்பதுபோல, டெஸ்மோகிளீன் என்னும் புரதங்கள் தோல் செல்களைப் பிணைத்து வைக்கின்றன. எதிர்ப்பொருள் அப்பிணைப்பைக் குலைக்கும்போது தோல் பிரிந்து நீர் கோக்கிறது. இது கிருமியால் வருவதன்று. எவர் செய்த பாவத்தின் கூலியுமன்று.

1950களில் ஸ்டீராய்டு மருந்துகள் வருமுன், இந்நோய் கண்டவருள் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். தோலிழந்த உடலிலிருந்து நீரும் சத்தும் வடிந்தன. புண் வழியே கிருமிகள் புகுந்தன. ஸ்டீராய்டு உயிரைக் காத்தது. ஆயினும் நாள்தோறும் பெருமளவில் உட்கொண்டவர்களுக்கு முகம் வீங்கியது, எலும்பு நலிந்தது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறின.

இந்நிலையில் நம் நாட்டிலேயே ஒரு வழி பிறந்தது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் பஸ்ரிச்சா, 1980களின் தொடக்கத்தில் ஒரு முறையை வகுத்தார். 1984இல் அதைப் பற்றிய கட்டுரை இந்தியத் தோல் மருத்துவ இதழில் வெளிவந்தது. 28 நாள்களுக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாள்கள், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் நரம்பு வழியே சொட்டுச் சொட்டாகச் செலுத்தப்படும். அவற்றுள் ஒரு நாளில் 500 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடும் சேரும். இடைப்பட்ட நாள்களில் அதுவே 50 மில்லிகிராம் மாத்திரையாகத் தரப்படும். புண்கள் ஆறிய பின்னும் சிகிச்சையைப் பல மாதங்கள் தொடர்ந்து, பின்னர் மருந்தின்றிக் கண்காணிப்பர். எளிதில் கிடைக்கும், விலை குறைந்த மருந்துகளைக் கொண்டு அமைந்ததால், இந்தியாவின் அரசு மருத்துவமனைகளில் ஏழைகள் பலருக்கு இம்முறை வாழ்வளித்தது. அதற்கும் விலை உண்டு. சைக்ளோபாஸ்பமைடு மகப்பேற்றுத் திறனைக் கெடுக்கக்கூடும். ஆகவே இளம் தம்பதியர் மருத்துவரிடம் கூச்சமின்றிப் பேசுதல் வேண்டும். 2018இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்த ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து இன்று இந்தியாவிலும் பயன்படுகிறது. எனினும் அதன் செலவு பலருக்குப் பெருஞ்சுமை.

நம் அன்பருக்கு மாதந்தோறும் மூன்று நாள் மருத்துவமனை வாசம் வழக்கமாயிற்று. அந்நாள்களில் கூலி இல்லை. புண்பட்ட முதுகில் போர்வை ஒட்டிக்கொள்ளும் என்று அவர் மனைவி வாழையிலை விரித்துப் படுக்க வைப்பார். பிற்பாடு தோல் பிரிவுக்குச் சென்றபோது, அங்கும் நோயாளிகளை வாழையிலையில் கிடத்தியிருக்கக் கண்டோம். காரமும் சூடும் நீக்கிய கஞ்சியும் மோருமே பல மாதங்கள் அவரது உணவு. இடையில் புண் ஆறியதும், “இனி எதற்கு மாத்திரை?” என்று உறவினர் தடுத்தனர்; நிறுத்தினார்; கொப்புளம் முன்னினும் மிகுதியாக எழுந்தது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அப்போதுதான் நாமும் கற்றோம்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரருகே பேசாது அமர்ந்திருந்தவரை நல்லவர்களாகவே இருந்தனர். வாய்திறந்து அவரது துன்பத்திற்குக் காரணம் கற்பித்தபோதுதான் தவறினர். நாமும் அவ்வாறே தவறினோம். எனவே இவ்வரலாற்றை நம் இறைமக்கள் முன் வைக்கிறோம். வாய்ப்புண் வாரக்கணக்கில் ஆறாவிட்டால், கொப்புளங்கள் மீண்டும் மீண்டும் எழுந்தால், காலம் தாழ்த்தாது தோல் மருத்துவரை நாடுங்கள். அத்தகையவரின் குவளையைத் தனியே வைக்காதீர்கள்.

திருவிருந்துக்கு வராதவரைப் பற்றி உடனே முடிவு கட்டாதிருப்போம். தேவை ஏற்படின் திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை வழங்கத் திருச்சபைச் சட்டத்தின் 925ஆம் எண் இடமளிக்கிறது. அதை அறிந்திருந்தும், கேளாதவரிடம் சொல்ல நாம் மறந்திருந்தோம். அடுத்த ஞாயிறு, கடைசி வரிசைக்கு நாமே இரசக் கிண்ணத்தை எடுத்துச் சென்றோம். அவர் எழுந்து நின்று, ஒரு சிறு கரண்டியளவு பெற்றுக்கொண்டார்.