போரில் தடை, வேட்டையில் கட்டாயம்: மான் வேட்டைக் குண்டின் கதை

1899ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடிய நாடுகள் ஒரு பிரகடனம் வெளியிட்டன. உடலுக்குள் நுழைந்ததும் விரிகிற, தட்டையாகிற துப்பாக்கிக் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்பதே அது. பிரிட்டன் 1907ல்தான் அதில் சேர்ந்தது. அமெரிக்கா சேரவே இல்லை.

இப்போது ஒரு வேடிக்கை. இன்றைக்கு அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போகிறவர் அதே விரியும் குண்டைத்தான் கொண்டுபோக வேண்டும். ராணுவம் பயன்படுத்தும், முழுக்க உறை போட்ட குண்டால் மானைச் சுட்டால் அது சட்டப்படி குற்றம். மனிதனுக்குக் கொடுமை என்று தடுக்கப்பட்ட ஒன்று மானுக்கு எப்படிக் கருணை ஆனது?

பதில் மிக எளிது. போரில் எதிரி வீரன் சாக வேண்டும் என்பதில்லை, சண்டை போட முடியாமல் போனால் போதும். 1868ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனமே இதைச் சொல்லிவிட்டது. ஆனால் காயம்பட்ட மானுக்கு மருத்துவமனை கிடையாது. அது காட்டுக்குள் ஓடி, எங்கோ புதருக்குள் படுத்து, சில நாள் துடித்துச் சாகும். சுட்டவருக்கும் கிடைக்காது. அதனால் வேட்டையில் நல்ல குண்டு என்பதற்கு ஒரே இலக்கணம்தான்: மான் சில நொடிகளில் சாக வேண்டும். கடந்த 130 வருடங்களாகக் குண்டு செய்கிறவர்கள் மல்லுக்கட்டுவது இந்த ஒரு விஷயத்தோடுதான்.

வேகம் கொண்டுவந்த சிக்கல்

தோட்டா என்று நாம் சொல்வதில் நான்கு பொருட்கள் இருக்கின்றன. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான்.

பழைய கருமருந்துக் காலத்தில் குண்டு என்றால் வெறும் ஈயம். தடிமனானது, கனமானது, மெதுவாகப் போவது. 1884ல் பிரான்சின் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்ததும் எல்லாம் மாறியது. குண்டு சிறுத்தது, வேகம் கூடியது. அந்த வேகத்தைப் பச்சை ஈயம் தாங்காது என்பதால் அதன்மேல் செம்புக் கலவையில் ஓர் உறை போட்டார்கள்.

இங்கேதான் புதுப் பிரச்சினை ஆரம்பித்தது. உறை போட்ட குண்டு ஊசி மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போய்விடும். 1895ல் சித்ரால் படையெடுப்பில் பிரிட்டிஷ் இந்திய ராணுவம் இதைக் குறையாகச் சொன்னது. கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் என்ற இடத்திலிருந்த தோட்டாத் தொழிற்சாலையின் பொறுப்பாளர் கேப்டன் பெர்ட்டி கிளே, குண்டின் மூக்கில் மட்டும் உறையை நீக்கி ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். மூக்கு எதிலாவது மோதினால் காளான் போல விரியும். 'டம்டம் குண்டு' என்று உலகமெங்கும் கெட்ட பெயர் வாங்கியது இதுதான். இன்றைக்குக் கொல்கத்தா விமான நிலையம் இருப்பதும் அதே டம்டம்மில்தான்!

போர்க்களத்தில் தடையான அந்த யோசனை வேட்டைக்காரர்களிடம் நிலைத்துவிட்டது. வின்செஸ்டர் கம்பெனி 1895ல் கொண்டுவந்த .30-30 தோட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 600 மீட்டர். அந்த வேகத்தில் மெத்தென்ற மூக்குள்ள குண்டு மானுக்குச் சரியாகப் பொருந்தியது. அமெரிக்காவில் அந்தத் தோட்டா இன்றும் விற்கிறது.

சேற்றில் உடைந்த குண்டு

ஆனால் வேகம் 600ல் நிற்கவில்லை. 1906ல் வந்த .30-06 தோட்டா 800 மீட்டரைத் தாண்டியது. பின்னால் வந்த மேக்னம் ரகங்கள் அதையும் தாண்டின. மெத்தென்ற மூக்கு இப்போது அளவுக்கு மீறி விரிந்தது. சில சமயம் தோலிலேயே சிதறியது.

ஜான் நோஸ்லர் என்ற லாரித் தொழில்காரருக்கு இது நேரிடையாக நடந்தது. ஆரிகன் மாநிலத்துக்காரரான அவர் 1946ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு மூஸ் வேட்டைக்குப் போனார். மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே பெரியது, 500 கிலோவைத் தாண்டக்கூடியது. அவர் சுட்ட மூஸின் உடம்பெல்லாம் காய்ந்த சேறு. சக்தி வாய்ந்த மேக்னம் துப்பாக்கிதான், ஆனாலும் குண்டுகள் மேலேயே உடைந்தன, உள்ளே இறங்கவில்லை.

ஊர் திரும்பியவர் செய்தது அழகான வேலை. ஒரே குண்டுக்குள் நடுவில் உலோகத் தடுப்புச் சுவர் ஒன்றை வைத்தார். முன்னறையின் ஈயம் விரியும். பின்னறையின் ஈயம் சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து குண்டை ஆழமாகத் தள்ளும். விரிவதும் இறங்குவதும் ஒரே குண்டில்! 1948ல் 'பார்ட்டிஷன்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்.

வீட்டிலேயே தோட்டா

நோஸ்லரின் குண்டை அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே தோட்டா செய்துகொள்பவர்கள். இதன் பின்னால் ஒரு வணிகக் கணக்கு இருக்கிறது. தோட்டாவில் விலை உயர்ந்த பாகம் பித்தளைக் கூடு. சுட்ட பிறகும் அது அப்படியே கையில் இருக்கும். புதுப் பிரைமர், மருந்து, குண்டு போட்டால் மறுபடி தோட்டா தயார்.

இரண்டாம் உலகப்போர் இந்தப் பழக்கத்தைப் பெரிதாக்கியது. போர்க்காலப் பஞ்சத்தில் 1943ல் ஃபிரெட் ஹன்டிங்டன், பழைய .22 கூடுகளையே குண்டின் உறையாக மாற்றும் கருவி செய்தார். அதுதான் ஆர்.சி.பி.எஸ். கம்பெனியின் தொடக்கம். போர் முடிந்ததும் ராணுவத்தில் மலைபோல் மருந்து மிஞ்சியது. கன்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அதை வாங்கி வேட்டைக்காரர்களுக்கு விற்றார். 20 மில்லிமீட்டர் பீரங்கிக்காகச் செய்த மருந்து மான் துப்பாக்கிக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

பணம் மிச்சம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, குண்டையும் வேகத்தையும் ஜோடி சேர்க்கும் உரிமை. வெள்ளைவால் மானுக்குத் தோல் மெல்லியது, எடையும் பெரும்பாலும் 100 கிலோவுக்குள். மூஸுக்கான கெட்டிக் குண்டு அதன்மேல் விரியாமலே போய்விடலாம். மெல்லிய குண்டை அதிவேகத்தில் விட்டால் இறைச்சி கூழாகிவிடும். ஆகவே முதலில் மான், பிறகு தூரம், பிறகு குண்டு, கடைசியில்தான் மருந்து என்பதே சரியான வரிசை. மருந்தை அளப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு கிரெய்ன் 0.065 கிராம், நம்மூர்க் குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி. அதில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்துப் போடுவார்கள்.

மான் செத்த பிறகு

நூறு வருடமாக எல்லோரும் மான் சாகும் நொடியை மட்டுமே யோசித்தார்கள். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று பார்த்தது கழுகு ஆராய்ச்சியாளர்கள்.

கலிஃபோர்னியா காண்டோர் என்ற ராட்சதக் கழுகு 1982ல் உலகத்திலேயே 22தான் மிஞ்சியிருந்தது. கூண்டில் வளர்த்து 1992லிருந்து காட்டில் விட்டார்கள். விட்டவை ஈய விஷத்தால் செத்துக்கொண்டிருந்தன. சுட்ட மான்களின் மிச்சங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. குண்டு விரியும்போது ஈயத்தின் நுண்துகள்கள் நூற்றுக்கணக்கில் சதையில் தெறிக்கின்றன. வேட்டைக்காரர் காட்டில் விட்டுவிட்டு வரும் குடலைக் கழுகு தின்கிறது.

மனிதர்களும் தப்பவில்லை. 2008ல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஏழைகளுக்கான உணவு மையங்களுக்கு வேட்டைக்காரர்கள் தானமாகக் கொடுத்த மான் இறைச்சியை ஸ்கேன் செய்தபோது அதிலும் ஈயம். அந்த இறைச்சியைக் கொடுக்க வேண்டாம் என்று அரசே சொல்ல வேண்டியதாயிற்று.

மாற்று ஏற்கெனவே இருந்தது. 1989லேயே பார்ன்ஸ் கம்பெனியின் ராண்டி புரூக்ஸ் முழுக்கச் செம்பாலான குண்டை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். அது நான்கு இதழ்களாக விரியும், அநேகமாகச் சிதறாது. ஆனால் விலை அதிகம், நன்றாக விரிய வேகமும் வேண்டும். அதனால் தயக்கம் இருந்தது. 2008ல் காண்டோர் பறக்கும் பகுதிகளில் மட்டும் ஈயக் குண்டைத் தடுத்த கலிஃபோர்னியா, 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் வேட்டையில் தடுத்துவிட்டது. காண்டோர்களின் எண்ணிக்கை இப்போது காட்டிலும் கூண்டிலுமாக 500ஐத் தாண்டியிருக்கிறது. ஆனாலும் மற்ற மாநிலங்களுக்கும் பறக்கும் அவற்றின் சாவுக்கு முதல் காரணம் இன்னும் ஈயம்தான்.

இந்தியாவில் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அதனால் இந்தக் கேள்வி இங்கே யாருக்கும் எழுவதில்லை. வேட்டை சட்டப்படி நடக்கும் நாட்டில் அது வருடா வருடம் கடை கவுன்ட்டரில் எழுகிறது. மலிவான ஈயமா, கொஞ்சம் கூடுதல் விலைக்குச் செம்பா? மானுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம், அந்த மானைக் கடைசியில் சாப்பிடப்போகிறவர்களுக்கு.