துபாயில் ஹீட்டர் போடாமலேயே சுடுதண்ணி வருதே, ஏன்?

கோடையில் துபாய் போகிறீர்களா? குளியலறையில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கலாம். 'குளிர்ந்த நீர்' குழாயைத் திறந்தாலும் சுடுதண்ணிதான் வரும்!

துபாயில் வற்றாத ஆறு இல்லை, மழையும் குறைவு. பெரும்பாலும் கடல்நீரில் உப்பை நீக்கித்தான் குடிநீர் தயாரிக்கிறார்கள். ஜபல் அலியில் அதற்குப் பெரிய ஆலைகள் இருக்கின்றன.

ஆலையிலிருந்து சுத்தமாகத்தான் தண்ணீர் வருகிறது. அப்புறம்?

பல கட்டடங்களில் அது மொட்டைமாடித் தொட்டியில் தேங்கும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயிலில் சூடேறிவிடும்.

சூடு மட்டும்தான் பிரச்சினையா? இல்லை. வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரலாம். குளிக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளைச் சுவாசித்தால் நிமோனியா வரக்கூடும்.

அங்கே வீடு எடுக்கிறீர்களா? முதலில் இதைக் கேளுங்கள்: "தொட்டியைக் கடைசியா எப்போ கழுவினீங்க?"