குமிழியும் கரியும்: வீட்டு நீர்த்தாவரத் தொட்டி கடந்து வந்த வழி

மீன்தொட்டியில் செடி வளர்க்கும் கலையின் வரலாறு பெரும்பாலும் ரசனையின் வரலாறாகவே எழுதப்படுகிறது. விக்டோரிய இங்கிலாந்தின் கண்ணாடிப் பேழை, நெதர்லாந்தின் பாத்தி ஒழுங்கு, ஜப்பானின் கல்லும் வெற்றிடமும் என்று மூன்று நாடுகளின் அழகுணர்ச்சி வரிசையாக வந்து நிற்கும். இந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் அந்தந்தப் பாணி ஏன் அந்தந்தக் காலத்தில் பிறந்தது என்று கேட்டால் அதனிடம் விடை கிடைக்காது. 1850இன் லண்டன்காரர் தம் தொட்டிக்குள் பச்சைப் புல்தரை விரிக்க ஆசைப்பட்டிருந்தாலும் அது தழைத்திருக்காது. நீருக்கடியில் இருக்கும் இலைக்குக் கரியமில வாயு எவ்வழியாகப் போய்ச் சேர்ந்தது என்ற ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு இந்த வரலாற்றைப் பார்க்க முயல்கிறது இக்கட்டுரை.

கேள்விக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் எளியது. காற்றில் பரவுவதைவிட நீரில் வாயு ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். திறந்த காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில், ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான கரியமில வாயுதான் கரைந்திருக்கும். வெயிலில் நிற்கும் நீர்ச்செடி அதைச் சீக்கிரமே உறிஞ்சித் தீர்த்துவிட்டு, மிச்ச நேரம் பட்டினி கிடக்கும். இதற்கு மாற்றுவழி கண்ட செடிகளும் உண்டு. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா போன்றவை கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கரியை எடுத்துக்கொள்ளும். நம் பள்ளி ஆய்வகங்களில் பீக்கருக்குள் ஹைட்ரில்லாவை வைத்து, மேலே புனலைக் கவிழ்த்து, நீரில் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போடுவார்களே, அந்தச் சிட்டிகைக்குக் காரணம் இதுதான்.

லண்டன், 1849

நீருக்குள் இருக்கும் இலை வெளிச்சத்தில் குமிழி விடுவதை முறையாக ஆராய்ந்தவர் டச்சு மருத்துவர் யான் இங்கென்ஹௌஸ். இங்கிலாந்தில் ஒரு கோடைக்காலம் முழுவதும் சோதனைகள் செய்து, 1779இல் நூலாக வெளியிட்டார். குமிழிக்குக் காரணம் வெயிலின் சூடல்ல, அதன் ஒளி என்பதும், இருட்டில் செடி காற்றைக் கெடுக்கிறது என்பதும் அவர் நிறுவியவை. அவருக்குக் குமிழி ஒரு சான்று, அவ்வளவே.

அந்தச் சான்றை வீட்டுப் பொருளாக்கியவர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் மருந்தாளர் சங்கத்தின் கூடத்தில் வேதியியலராக இருந்த அவர், 1849இல் பன்னிரண்டு கேலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் கல்லும் இட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டு, ஒரு வாலிஸ்நேரியாவை நட்டார். முதலில் அழுகிய இலைகளால் நீர் கலங்கிப் பாசி படர்ந்தது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டதும் அவை அழுகலைத் தின்று தீர்த்தன. நத்தைக் குஞ்சுகள் மீனுக்கு இரையாயின. மறு ஆண்டு வேதியியல் கழகத்தின் இதழில் வெளியான அவரது குறிப்பு, மீன் விடும் வாயுவைச் செடியும் செடி விடும் வாயுவை மீனும் எடுத்துக்கொள்வதால் நீரை மாற்றவே வேண்டியதில்லை என்று காட்டியது.

வாரிங்டன் வாலிஸ்நேரியாவைத் தேர்ந்தது அவர் அறியாமலே வாய்த்த நல்ல தேர்வு என்பது என் கருத்து. லண்டன் நீர் சுண்ணாம்பு மிகுந்த கடின நீர். பைகார்பனேட்டைப் பயன்படுத்தத் தெரிந்த செடிக்கு அது விருந்து. கரைந்த வாயுவை மட்டுமே நம்பும் நீர்ப்பாசம் ஒன்றை அன்று அவர் நட்டிருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம்.

தொட்டி வீட்டுக்கு வந்ததற்கு வேறு காரணங்களும் துணைநின்றன. மூடிய கண்ணாடிக்குள் செடி பிழைக்கும் என்று லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு ஏற்கெனவே காட்டியிருந்தார். 1842இல் அவர் நூலும் வந்துவிட்டது. சீனத் தேயிலை இமயமலைச் சாரலுக்கும், சிங்கோனா நீலகிரிக்கும் கப்பலேறி வந்தது அவர் பெயர் பெற்ற பெட்டிகளில்தான். 1845இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது, கண்ணாடி மலிந்தது. 1853இல் லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் மீன் கூடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் நடுத்தர வர்க்கத்தைப் பித்துப்பிடிக்க வைத்தது. அந்தப் பித்து பெரிதும் கடல்நீர் உயிர்கள் மீதானது; அதனால் இங்கிலாந்தின் கடலோரப் பாறைக் குட்டைகள் சூறையாடப்பட்டது வேறு கதை.

நன்னீர்த் தொட்டிக்கு உண்மையான வாசகரைத் தேடித் தந்தவர் ஜெர்மானியரான எமில் அடால்ஃப் ரோஸ்மேஸ்லர். 1848இன் பிராங்க்ஃபர்ட் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து, அதன் விளைவாகப் பேராசிரியர் பதவியை இழந்தவர். எழுத்தே பிழைப்பாகிவிட்ட நிலையில், 1856இல் 'டி கார்ட்டன்லாவ்பெ' என்ற குடும்ப இதழில் கண்ணாடிக்குள் ஏரி அமைப்பது பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு நன்னீர்த் தொட்டிக்கென்றே நூல் கொண்டுவந்தார். கடலுக்குத் தொலைவிலுள்ள லைப்சிக் போன்ற ஊர்க்காரருக்குப் பக்கத்துக் குளத்துச் செடியும் மீனும் போதும் என்றாகிவிட்டது.

'சமநிலைத் தொட்டி' என்ற கொள்கை நூறாண்டுக்காலம் ஆட்சி செய்தது. அதன் வேதியியல் அரைகுறையானது என்பதை 1949இல் அமெரிக்க மீனியலர் ஜேம்ஸ் ஆட்ஸ் எழுதிய கட்டுரை விளக்கியது. மீனுக்குத் தேவையான ஆக்சிஜனில் பெரும்பங்கு நீர்ப்பரப்பின் வழியே காற்றிலிருந்து வருகிறது. செடி இல்லாத தொட்டியிலும் மீன் வாழும். மீனுக்குச் செடி கட்டாயமில்லை என்று தெளிந்த பிறகு, செடி தன் அழகுக்காகவே தொட்டியில் இருக்கலாம் என்றாயிற்று.

டச்சுக்காரர் வீட்டு வரவேற்பறை

நெதர்லாந்தில் மீன்தொட்டிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு 1930இல் உருவானது. அங்கு வளர்ந்த பாணியில் கல்லுக்கும் கட்டைக்கும் பெரிதாக இடமில்லை. ஒவ்வொரு இனத்தையும் தனித்தனிக் குழுவாக நட்டு, அகல இலைக்குப் பக்கத்தில் ஊசி இலை, பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு என்று எதிரெதிராக வைப்பார்கள். முன்னிருந்து பின்னோக்கி உயர்ந்தும் குறுகியும் போகும் ஒரு செடி வரிசைக்கு 'லெய்டன் தெரு' என்றே பெயர். அதற்கு லொபீலியா கார்டினாலிஸ் வெகுவாகப் பயன்பட்டது. போட்டி நடுவர்கள் உறுப்பினரின் வீட்டுக்கே வந்து தொட்டியைப் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். செடியின் அடுக்கோடு மீனின் நலமும் கணக்கில் சேரும். நடுவர் கண்முன்னே மீன் மேலே வந்து மூச்சுத்திணறினால் செடியின் அழகு எடுபடாது.

கரியமில வாயுச் சிலிண்டர் இல்லாத அக்காலத்தில் இவ்வளவு அடர்த்தியாகச் செடி வளர்ந்ததற்கு, அலைவு குறைந்த நீர்ப்பரப்பும் அங்கக மக்கு கலந்த அடிமண்ணும் ஏராளமான மீன்களும் சேர்ந்து காரணமாக இருந்திருக்க வேண்டும். மக்கு சிதையும்போது கரியமில வாயு கீழிருந்து கசியும், மீனும் விடும். உலகப் போருக்குப் பின் குழல்விளக்கு வீடுகளில் பரவியதால், சன்னலை நம்பியிருந்த தொட்டி அறையின் எந்த மூலைக்கும் போக முடிந்தது. ஆனால் வெளிச்சம் கூடியதும் கரிப்பற்றாக்குறை அப்பட்டமாயிற்று. ஒளி மிகுந்து கரி குறைந்த தொட்டியில் செடி நின்றுபோகும், பாசி முந்திக்கொள்ளும். ஜெர்மனியின் காஸ்பர் ஹோர்ஸ்டும் ஹோர்ஸ்ட் கிப்பரும் 1980களில் இதற்குப் பொறியாளர் பாணியில் தீர்வு சொன்னார்கள்: அளந்து செலுத்தும் கரியமில வாயு, இரும்புச் சத்து, அடிமண்ணைச் சூடாக்கும் கம்பி. இவற்றில் சூட்டுக் கம்பி இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. வாயு நிலைத்துவிட்டது.

நீகாத்தா: ஒரு சைக்கிள் வீரரின் புகைப்படக் கருவி

தகாஷி அமானோ 1954இல் ஜப்பானின் நீகாத்தா மாவட்டத்தில் பிறந்தவர். கெய்ரின் எனப்படும் சைக்கிள் பந்தயத்தில் தொழில்முறை வீரராக இருந்து சம்பாதித்த பணத்தைத் தொட்டிகளிலும் நிலக்காட்சிப் படங்களிலும் கொட்டினார். 1982இல் 'அக்வா டிசைன் அமானோ' நிறுவனத்தைத் தொடங்கினார். 1990களின் தொடக்கத்தில் அவருடைய படநூல்கள் வெளியாகி ஆங்கிலத்திலும் வந்தபோது ஐரோப்பிய, அமெரிக்க ஆர்வலர்கள் அதுவரை பார்த்திராத தொட்டிகளைப் பார்த்தார்கள்.

அவர் தந்த புதுமைகளில் இவாகுமி எனும் கல்லமைப்பையே எல்லோரும் பேசுகிறார்கள். ஒற்றைப்படை எண்ணில் கற்கள். அவற்றுள் ஒன்று தலைக்கல், மற்றவை அதற்குத் துணையாகச் சாயும். தரையில் தாழ்ந்து படரும் ஒரே வகைச் செடி. ஜப்பானியத் தோட்டக்கலையில் கல் நாட்டுவதற்கு 11ஆம் நூற்றாண்டின் 'சகுதெய்கி' காலத்திலிருந்தே இலக்கணம் உண்டு என்பதால் மரபை விளக்குவது எளிது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தரைவிரிப்பாக வளரும் குட்டைச் செடிகள் விளக்கிலிருந்து மிகத் தொலைவில், தொட்டியின் அடியில் இருப்பவை. அவற்றை அடர்த்தியாகப் படரவைக்க மேலிருந்து வலுவான ஒளி வேண்டும். அந்த ஒளிக்கு ஈடாக லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை கரியமில வாயு வேண்டும். அதாவது இயற்கைச் சமநிலையைப் போல் பல பத்து மடங்கு. சிலிண்டரில்லாமல் அந்தப் புல்வெளி அரிதாகவே கைகூடும். 'இயற்கைத் தொட்டி' என்று அவர் பெயரிட்ட பாணி, எல்லாப் பாணிகளிலும் செயற்கை ஊட்டத்தை மிகுதியாகச் சார்ந்தது.

ரிக்சியா என்ற மிதவைச் செடியை அவர் கையாண்ட விதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீர்மேல் மிதக்க வேண்டியதைக் கல்லில் நூலால் கட்டி அடியில் இறக்கினார். வாயு மிகுந்த நீரில் அதன் ஒவ்வொரு நுனியிலும் ஆக்சிஜன் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. பெரிய படச்சுருள் கேமராவில் அதை நுட்பமாகப் பதிவுசெய்தார். இங்கென்ஹௌஸ் சான்றாகக் கண்ட குமிழி இங்கே காட்சியாகிவிட்டது.

பாசிக்கு அவர் வைத்த காவல் இறால். யாமாதோ இறால் என்று ஜப்பானில் அறியப்பட்ட கரிடினா மல்டிடென்டாடாவைத் தொட்டிகளில் கூட்டமாக விட்டு அவர் பரப்பியதால், உலகெங்கும் அது அமானோ இறால் ஆயிற்று. அதன் இளம்புழுக்கள் உவர்நீரில்தான் பிழைக்கும். நன்னீர்த் தொட்டியில் இனம் பெருகாது. நத்தைக் குஞ்சு மீனுக்கு இரையான வாரிங்டனின் சுழற்சி இங்கே இல்லை. இறாலும் வாயுவும் உரமும் வெளியிலிருந்து வரும். அழுக்கு வாராந்தர நீர்மாற்றத்தில் வெளியே போகும்.

2001இல் அவர் நிறுவனம் தொடங்கிய சர்வதேச நீர்த்தாவர அமைப்புப் போட்டி பாணியை மேலும் ஒரு பக்கமாகத் தள்ளியது. டச்சு நடுவர் வீட்டுக்கு வந்தார். இங்கே ஒரு புகைப்படம் போனால் போதும். மீனின் இயற்கை வாழிடத்தை மீட்டுக்காட்டுவதற்கே விதிமுறை பெருமதிப்பெண் ஒதுக்கினாலும், முன்கண்ணாடி வழியாக ஒரே கோணத்தில், ஒரே நாளில் அழகாக இருந்தால் வெல்லலாம் என்றாயிற்று. மெல்லிய வேர்க்கட்டைகளால் மலைக்காடும் குகையும் சமைக்கும் 'டயோரமா' தொட்டிகள் அதன் விளைவு. அவற்றின் கைத்திறனை மறுக்க முடியாது. ஆனால் அவற்றில் பல, படம் எடுத்த சில வாரங்களில் பிரிக்கப்படுகின்றன. அமானோவின் கடைசிப் பெரும்பணி இதற்கு நேர் எதிரானது: 2015இல் லிஸ்பன் கடலகத்தில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் கொள்ளளவும் உடைய தொட்டி. பக்கவாட்டில் நடந்துகொண்டே பார்க்க வேண்டிய அதை எந்த ஒற்றைப் படமும் அடக்காது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.

மண்ணுக்குத் திரும்பியவர்கள்

இடையில், 1999இல், அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் நீர்த்தாவரத் தொட்டியின் சூழலியல் பற்றி ஒரு நூல் எழுதினார். சாதாரணத் தோட்டமண்ணை அடியில் பரப்பி, மேலே சரளை மூடி, சன்னல் வெளிச்சத்தையும் மீனுணவையும் கொண்டே செடி வளர்க்கலாம் என்பது அவர் வாதம். மண்ணிலுள்ள அங்ககப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது கரி கிடைக்கிறது. டச்சுக்காரர் அனுபவத்தால் செய்ததை அவர் ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி விளக்கினார். போட்டிப் படங்களில் இத்தொட்டிகளைக் காண்பது அரிது. கொஞ்சம் காடுமண்டினாற்போல் இருக்கும்.

வெப்ப நாடுகளில் இந்த இரு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 20 பாகை செல்சியஸில் கரையும் கரியமில வாயுவில் கால்பங்கு 30 பாகையில் குறைந்துவிடும். மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனும் குறையும். செடியின் சுவாசச் செலவோ கூடும். சென்னையின் மே மாதத்தில் அமானோவின் அளவுகளை அப்படியே பின்பற்றினால் சிலிண்டரோடு விசிறியோ குளிர்விப்பானோ சேர்த்து வாங்க வேண்டும். அவசரமில்லாமல் வளரும் செடிகளுக்கு இந்தச் செலவில்லை. அவற்றில் பெயர் பெற்றது கிரிப்டோகோரைன் பேரினம். வென்டியை, பெக்கெட்டியை, பார்வா போன்ற இனங்கள் இலங்கைக்கே உரியவை. பேராதனைத் தாவரவியல் பூங்காவை நடத்திய துவைட்ஸின் பெயரும் ஓர் இனத்துக்கு உண்டு. நிழலோடைகளில் வாழப் பழகிய இவை குறைந்த ஒளியில், குறைந்த கரியில் காலந்தள்ளும். நாற்றுப்பண்ணைகளில் இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கப்படுவதால், தொட்டியில் நட்ட சில நாளில் அவ்விலைகள் கூழாகிக் கரையும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறிபவர் பலர். கிழங்கு உயிரோடுதான் இருக்கும். நீருக்கேற்ற மெல்லிய புது இலை சில வாரங்களில் அதிலிருந்து கிளம்பும்.